ஆஸ்பத்திரியில் டொக்டர் நிற்கப் பெற்றது அவ்வளவு பெரிய விஷயமா?

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு தரம் வாசித்தேன். உங்கள் மனைவி 2021 ஜூனில், கொரோனாப் பயணத்தடை நேரத்தில், முதல் பிள்ளையைப் பெற்றிருக்கிறார். வாட்டில் அனுமதிக்க முன் எடுத்த அன்ரிஜன் பரிசோதனையில் தொற்று என்று வந்ததால், தனி அறையில் வைத்துப் பிள்ளைப்பேறு பார்த்திருக்கிறார்கள். நீங்கள் கேற்றுக்கு வெளியே நின்றிருக்கிறீர்கள். தாயும் பிள்ளையும் சுகமாக வீட்டுக்கு வந்துவிட்டார்கள். ஆனால் இத்தனை வருடம் கழித்தும் இரண்டாவது பிள்ளையைப் பற்றிக் கதை எடுத்தாலே மனைவி அழுகிறார். "என்ர அம்மா 2009 மாசியில இரணைப்பாலையில பங்கருக்குள்ள தம்பியைப் பெத்தவ. அவவே ஒண்டும் சொல்லேல்லை. ஆஸ்பத்திரியில டொக்டர் நிக்கப் பெத்தது அவ்வளவு பெரிய விஷயமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். (இரணைப்பாலை, போரின் கடைசி மாதங்களில் சனம் அடைபட்டுக் கிடந்த இடம்; பங்கர், செல் என்ற எறிகணைக்குத் தப்பத் தோண்டிய பதுங்குகுழி.) மனைவியின் அழுகைக்கு நியாயமான காரணம் இருக்கிறதா, இருந்தால் அது மாறுமா என்பதைத்தான் நீங்கள் உண்மையில் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

நான் வைத்தியர் இல்லை. குடும்பநல மருத்துவமாதுவாக கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் பல வருடம் வேலை செய்து ஓய்வுபெற்றவள். போருக்கு முன்னும் பின்னும், கொரோனா நேரத்திலும் தாய்மாரின் வீட்டுப் படலை திறந்து போனவள். உங்கள் மனைவியை நான் பார்த்ததில்லை. ஆகவே அவருக்கு இன்ன வருத்தம் என்று இங்கிருந்து சொல்ல முடியாது. அந்த நேரம் எப்படி இருந்தது, எது நிச்சயம், எது இன்னும் சந்தேகம் என்று சொல்ல முடியும்.

2020 மார்ச் 20ஆம் திகதி நாடு முழுக்க ஊரடங்கு போட்டபோது வன்னிக்குள் நோயை விடப் பயம்தான் கூட இருந்தது. எங்கள் பக்கத்தை உண்மையில் பிடித்தது 2021 சித்திரை வருடப்பிறப்புக்குப் பிறகு வந்த மூன்றாவது அலை. அந்த மே மாதத் தொடக்கத்தில்தான் கொரோனாவால் ஒரு கர்ப்பிணித் தாய் இறந்தார் என்ற செய்தி நாட்டில் முதன்முதலாக வந்தது. மே 21இலிருந்து ஜூன் 21 வரை பயணத்தடை. கர்ப்பிணிகளுக்குத் தடுப்பூசி போடுவது ஜூன் இரண்டாம் கிழமை அளவில் கொழும்புப் பக்கம் தொடங்கியது, எங்களிடம் வந்து சேர இன்னும் நாள் எடுத்தது. அதாவது உங்கள் மனைவி நிறைமாதமாக இருந்தபோது, சாவுச் செய்தி வந்துவிட்டது, ஊசி வரவில்லை. செப்டெம்பர் ஆனபோது நாற்பதுக்கு மேற்பட்ட கர்ப்பிணிகள் சில மாதங்களுக்குள் இறந்துவிட்டதாகச் சொல்லி, பிள்ளைப்பேற்றை ஒரு வருடம் தள்ளிப்போடுங்கள் என்று சுகாதார அதிகாரிகளே பகிரங்கமாகக் கேட்டார்கள். ஒரு லட்சம் பிறப்புக்கு முப்பது சொச்சம் தாய்மார் மட்டும் இறக்கும் அளவுக்குக் கொண்டுவந்திருந்த நாடு இது. அதற்குள் இருந்து வேலை செய்த எங்களுக்கே அந்த மாதங்களில் கை நடுங்கியது.

வாட்டுக்குப் போக முன்னமே அவருக்கு நிறைய நடந்திருக்கும். கிளினிக்கில் கூட்டம் சேரக்கூடாது என்று நேரம் பிரித்துக் கொடுத்தோம். ஆபத்துக் குறைந்த தாய்மாரின் வரவைக் குறைத்தோம். வீட்டுத் தரிசிப்புப் பல இடங்களில் போன் அழைப்பாக மாறியது. கொழும்பில் அது சரிவரலாம். துணுக்காய்ப் பக்கம், ஒட்டுசுட்டானுக்கு உள்ளே, சிக்னலுக்காகக் குளக்கட்டில் ஏறி நின்று கதைத்த பிள்ளைத்தாய்ச்சிகளை எனக்குத் தெரியும். "பிரஷர் எவ்வளவு, கால் வீங்கியிருக்கா, பிள்ளை துடிக்குதா?" என்று போனில் கேட்கலாம். கால் வீக்கத்தை விரலால் அமத்திப் பார்க்காமல் எப்படிச் சொல்வது? இருபத்தினாலு கிழமைக்குப் பிறகு செய்யும் சீனிப் பரிசோதனை சிலருக்குப் பிந்தியது, சிலருக்கு நடக்கவேயில்லை. பஸ் ஓடவில்லை. கிளினிக் கார்டைக் காட்டினால் வீதியில் விடுவார்கள் என்பது உண்மைதான். ஆனால் கார்டைக் காட்டப் போவதற்கு முதலில் ஓட்டோ வேண்டும், ஓட்டோவுக்குக் காசு வேண்டும், கூலிக்குப் போகிறவர் வீட்டில் இருக்கும்போது காசு எங்கே வரும். 1990 என்ற இலக்கத்துக்கு எடுத்தால் அம்புலன்ஸ் வந்தது, நன்றாகவே வேலை செய்தது. ஆனால் அது அவசரத்துக்கான வண்டி, மாதாந்தக் கிளினிக்குக்கு ஏற்றிப்போகாது.

சரி, தனி அறை. உங்கள் கேள்வியில் இதை ஒரு வரியில் தாண்டிப் போய்விட்டீர்கள், அதனால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். வயிற்றுக்குத்து எடுத்து ஆஸ்பத்திரிக்குப் போகிற பிள்ளை, மூக்குக்குள் குச்சி விட்டுப் பார்த்த கால் மணி நேரத்தில் "பொசிற்றிவ்" ஆகிறாள். அந்த நிமிடத்திலிருந்து யாரும் அவளுக்குக் கிட்ட வருவதற்கு முன் உடுப்புப் போடவேண்டும். தலை முதல் கால் வரை மூடிய உடுப்பு, முகமூடி, அதற்கு மேல் முகக் கவசம். அந்த உடுப்போடு அரை மணி நேரம் நின்றால் உள்ளே வியர்வை ஆறாக ஓடும், ஆகவே தாதிமாரும் தேவை முடிந்ததும் வெளியே வந்துவிடுவார்கள். நான் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அவர்களுக்கும் வீட்டில் பிள்ளை இருந்தது. ஆனால் உள்ளே படுத்திருந்தவளுக்கு மிஞ்சியது கதவும் சுவரும்தான். குத்து ஏறி இறங்கும் மணித்தியாலக் கணக்கில் முதுகை உருவிவிட ஒரு கை இல்லை. ஒரு தாய் பிறகு என்னிடம் சொன்னாள்: "மிஸ், எனக்குப் பிள்ளை எடுத்தவவின்ர முகம் எனக்குத் தெரியாது. ரோட்டில கண்டாலும் நன்றி சொல்லமாட்டன்." இன்னொருத்தி, பிள்ளை அழுத சத்தம் கேட்டதும் பயந்துபோய்த் தன் மூச்சை அடக்கிக்கொண்டாளாம், தன்ர மூச்சு பிள்ளைக்குப் பட்டுவிடும் என்று. எங்கள் ஊரில் பிள்ளை பெற்றவளைப் பார்த்து எல்லோரும் பயப்படுவது ஒரு பக்கம். பெற்றவளே தன்னைப் பார்த்துப் பயப்பட்டது அந்த நோய் செய்த வேலை.

பிள்ளையைத் தாயிடமிருந்து பிரித்து வைத்த இடங்களும் இருந்தன. தாய்க்கு மூச்சுத்திணறல் இல்லையென்றால், முகமூடி போட்டு, கையைக் கழுவி, பிள்ளையைத் தன்னோடு வைத்துப் பால் கொடுக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இலேயே தெளிவாகச் சொல்லியிருந்தது. பிரசவ நேரத்தில் தாய் விரும்பும் ஒருவர் துணைக்கு நிற்கலாம், தொற்று உள்ளவளுக்கும் அந்த உரிமை உண்டு என்றும் சொல்லியிருந்தது. நடைமுறையில் முதலில் வெட்டப்பட்டது துணைதான். ஆள் பற்றாக்குறை, பாதுகாப்பு உடுப்புப் பற்றாக்குறை, மறைப்பு இல்லாத திறந்த வாட்டு என்று காரணம் இருந்தது. காரணம் இருந்ததால் வலி குறைந்துவிடாது.

இனி உங்கள் அம்மாவின் கதை. 2009 மாசியில் இரணைப்பாலையில் பிள்ளை பெறுவது என்றால் என்ன என்று எனக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. புதுக்குடியிருப்பு ஆஸ்பத்திரி செல்லடியால் விடப்பட்டு, புதுமாத்தளன் பள்ளிக்கூடத்தில் ஆஸ்பத்திரி என்ற பெயரில் ஒன்று நடந்த நேரம் அது. செஞ்சிலுவைச் சங்கம் கடல்வழியாக ஏற்றிப்போனதில் இடம் கிடைத்தவர்கள் புண்ணியம் செய்தவர்கள். மருந்து இல்லை, தண்ணீர் இல்லை, நூலும் பிளேடும் அவித்துத் தொப்புள்கொடி வெட்டிய நாட்கள். உயிராபத்து என்று பார்த்தால் 2009ஐயும் 2021ஐயும் ஒரே தராசில் வைக்க முடியாது. அதில் உங்கள் பக்கம் சரி.

ஆனால் உங்கள் அம்மாவிடம் ஒரு விஷயம் கேட்டுப் பாருங்கள். அந்தப் பங்கருக்குள் அவரோடு யார் இருந்தது என்று கேளுங்கள். நான் கேட்ட தாய்மார் எல்லோரும் பெயர் சொல்லுவார்கள். பக்கத்துப் பங்கர் அன்ரி, சீலையைப் பிடித்து மறைப்புக் கட்டிய மச்சாள், யாரென்றே தெரியாத ஒரு கிழவி வந்து காலைப் பிடித்தது, எங்கேயோ இருந்து ஒரு போத்தல் சுடுதண்ணீர் வந்தது. எல்லாம் இல்லாத இடத்தில் ஆட்கள் இருந்தார்கள். உங்கள் மனைவிக்குக் கட்டில் இருந்தது, டொக்டர் இருந்தார், ஒட்சிசன் இருந்தது, ஆள் இல்லை. இரண்டும் இரண்டு விதமான இல்லாமை. ஒன்றைக் காட்டி மற்றதை அடிக்க முடியாது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை என்கிறீர்கள். யாராவது கேட்டார்களா? கிளினிக்கில் பேரப்பிள்ளையோடு வந்து நிற்கிற அம்மம்மாக்கள், ஒரு சின்னக் கேள்விக்கு அந்த மாசி மாதத்தை அரை மணி நேரம் கொட்டியதை நான் பார்த்திருக்கிறேன். உடம்பில் செல்துண்டு இருக்கிறவர்கள் எங்கள் ஊரில் எத்தனை பேர்; வெளியில் தெரியாது, குனிந்து வேலை செய்யும்போதுதான் குத்தும். அம்மாவின் பேச்சில்லாமையை அந்த வகையிலும் சேர்க்கலாம்.

இன்னொன்று. மனைவிக்கு இப்போது இருபத்தொன்பது வயது, விசுவமடுவில் பிறந்தவர் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் 2009இல் அவருக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வயது இருந்திருக்கும். அந்த வழியால் போன பிள்ளை பெரும்பாலும், போரிலிருந்து வெளியேறிய சனத்தைக் கம்பிக்குள் வைத்திருந்த மெனிக் பாம் முகாமுக்குள்ளும் இருந்திருக்கும். தொற்று வந்த வீட்டுக்குச் சீருடையோடு ஆட்கள் வருவது, ஒரு பையை மட்டும் எடுத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறச் சொல்வது, போகிற இடம் எதுவென்று தெரியாமல் போவது, அங்கே கம்பிக்கு உள்ளே நாள் எண்ணுவது: கொழும்புக்காரருக்குத் தனிமைப்படுத்தல் நிலையம் புது அனுபவம், வன்னிக்காரருக்கு அது இரண்டாம் முறை. 2020இல் தனிமைப்படுத்தல் நிலையங்களை நடத்தியது படையினர்தான், எங்கள் பக்கம் பல முகாம்கள் அதற்கே பயன்பட்டன. அவர்கள் பலரை நன்றாகவே பார்த்தார்கள் என்பதையும் சொல்லவேண்டும். உடம்புக்கு அந்த வித்தியாசம் தெரிவதில்லை. பஸ்ஸில் ஏறச் சொன்னவுடன் வயிறு இறுகிப்போன பிள்ளைத்தாய்ச்சியை நானே பார்த்தேன், நல்ல காலம் நோ நின்றுவிட்டது.

வீட்டுக்கு வந்த பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன், நீங்களும் அந்த வீட்டில்தான் இருந்தீர்கள். முதல் பிள்ளைக்குத் தாய் வீடுதான் எங்கள் வழக்கம். அம்மா வந்து வேப்பமிலை அவித்த தண்ணீரில் குளிக்க வார்த்து, சரக்கு அரைத்துக் கறி வைத்து, இரவில் பிள்ளையை வாங்கி வைத்திருந்தால்தான் பெற்றவள் கண் மூடுவாள். பயணத்தடைக்குள் மாவட்டம் தாண்டி அம்மா வரமுடியவில்லை. வீட்டு மதிலில் தனிமைப்படுத்தல் அறிவித்தல் ஒட்டியிருந்தது. 31ஆம் நாள் துடக்குக் கழிவுக்கு ஐயரும் வரவில்லை, சொந்தமும் வரவில்லை, மஞ்சள் தண்ணீரைத் தாங்களே தெளித்துக்கொண்டார்கள். வட்டாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கே சனம் போகாத வருடத்தில் பிள்ளை பார்க்க யார் வருவது? சாதாரண காலத்தில் முதல் பத்து நாளுக்குள் இரண்டு தரம் மருத்துவமாது வீட்டுக்கு வரவேண்டும். அப்போது பலர் படலைக்கு வெளியே நின்று கேட்டுவிட்டுப் போனோம். ஒரு மருத்துவமாது இரண்டு மூன்று பிரிவைப் பார்த்த இடங்களில் அதுவும் இல்லை. பிள்ளை பெற்ற பிறகு தாயின் மனநிலையை அறிய எங்களிடம் பத்துக் கேள்விப் படிவம் ஒன்று இருக்கிறது. அதைப் படலையில் நின்று, மாமியார் கேட்டுக்கொண்டிருக்க, நிரப்ப முடியாது. ஆகவே உங்கள் மனைவியிடம் அந்த நேரம் "நீ எப்படி இருக்கிறாய்?" என்று முறையாக யாரும் கேட்காமலே போயிருக்கலாம்.

மருத்துவம் எவ்வளவு தூரம் உறுதியாகச் சொல்கிறது என்று பார்ப்போம். கர்ப்ப காலத்தில், குறிப்பாகக் கடைசி மாதங்களில், கொரோனா வந்தால் தாய்க்கு நோய் கடுமையாகும் வாய்ப்புக் கூடும், மாதம் முடிய முன் பிறக்கும் வாய்ப்பும் கூடும். இது உறுதி. வயிற்றிலேயே பிள்ளைக்குத் தொற்றுவது அரிது. இதுவும் உறுதி. தாய்ப்பாலால் அந்த நோய் பரவியதற்கு ஏற்ற சான்று கிடைக்கவில்லை. தடுப்பூசியால் கருச்சிதைவோ மலட்டுத்தன்மையோ வருவதில்லை. இந்த ஊசிக் கதை இன்னும் எங்கள் ஊர்களில் உலாவுவதால் அழுத்திச் சொல்கிறேன். பிரசவத்தில் தொடர்ந்து ஒருவர் துணைக்கு இருந்தால் நோவு நேரம் குறைகிறது, சீசர் (வயிற்றை வெட்டிப் பிள்ளை எடுப்பது) குறைகிறது, தாய் அந்த அனுபவத்தை நல்லதாக நினைவில் வைக்கிறாள் என்பதற்கும் பல நாட்டு ஆய்வுகள் உண்டு. பிள்ளைப்பேறு மருத்துவக் கணக்கில் நன்றாக முடிந்தாலும் தாயின் மனதில் அது விபத்துப் போலப் பதியலாம், அப்படிப் பதிந்தவர்களுக்கு அடுத்த கர்ப்பம் என்றாலே பயம் வரலாம் என்பது பெயரிட்டு அறியப்பட்ட விஷயம்தான். சாதாரண காலத்திலேயே நூறு தாய்மாரில் மூன்று நாலு பேருக்கு அந்த அளவுக்குப் போகிறது.

சந்தேகமாக இருப்பவையும் உண்டு. அந்தக் காலத்தில் பிறந்த பிள்ளைகளின் பேச்சு, வளர்ச்சி பற்றி ஆய்வுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. வித்தியாசம் கண்ட இடத்திலும் அது வைரசாலா, ஆள் முகம் பாராமல் வீட்டுக்குள் வளர்ந்ததாலா என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். உங்கள் மகள் நன்றாகக் கதைக்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள், அதை அதோடு விடுங்கள். மனைவியின் அழுகை முழுக்க அந்த அறையால் வந்ததா, 2009இலிருந்து வருகிறதா, அல்லது இப்போதைய வேறு ஏதாவது பாரமா என்பதும் நேரில் இருந்து கேட்டால்தான் தெரியும். நுண்கடன், வேலை, மாமியார் என்று ஆயிரம் இருக்கும். நான் சாத்தியத்தைத்தான் சொல்கிறேன்.

என்ன செய்யலாம்? முதலில் அம்மாவோடு ஒப்பிடுவதை நிறுத்துங்கள், அவருக்கு முன்னாலும் சரி, உங்கள் மனதுக்குள்ளும் சரி. அடுத்த பிள்ளைப் பேச்சை ஒரு கொஞ்ச நாள் எடுக்காமல், அந்த நாளைப் பற்றி மட்டும் கேளுங்கள். ஆஸ்பத்திரிக்குள் போன பிறகு என்ன நடந்தது என்பது உங்களுக்குத் தெரியாது, நீங்கள் வெளியில் நின்றீர்கள். நீங்கள் வெளியில் நின்ற கதையும் அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். சாப்பாட்டுப் பார்சலில் பெயர் எழுதிக் கொடுத்துவிட்டு அது உள்ளே போனதா என்று தெரியாமல் நின்ற தகப்பன்மாரை நான் கண்டிருக்கிறேன். அதையும் சொல்லுங்கள். கேட்கும்போது ஆறுதல் சொல்ல அவசரப்படவேண்டாம். "எல்லாம் நல்லபடி முடிஞ்சுதுதானே" என்ற வசனத்தை மட்டும் வாயில் எடுக்காதீர்கள்; அந்த வசனத்தால்தான் பல தாய்மார் பிறகு கதைக்கவே இல்லை.

நித்திரை வராமல் இருப்பது, அந்த அறை கனவில் வருவது, ஆஸ்பத்திரிப் பக்கம் போகவே மாட்டேன் என்பது, பிள்ளையோடு ஒட்டாமல் இருப்பது, சாகலாம் போல இருக்கிறது என்று சொல்வது, இவற்றில் எது இருந்தாலும் வீட்டுக்குள் வைத்திருக்கவேண்டாம். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்ட வைத்தியசாலைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது, காசு இல்லை. சனம் காணும் என்று கூச்சமாக இருந்தால் 1926 இலக்கத்துக்கு எடுக்கலாம், அது தேசிய மனநல நிறுவனத்தின் உதவி இலக்கம். கடைசியாகச் சொன்னது இருந்தால் அன்றைக்கே கூட்டிப்போகவேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் அவர் இன்னொரு பிள்ளை வேண்டாம் என்று சொன்னால், அது அவருடைய முடிவு, அதற்கும் உங்கள் பகுதி மருத்துவமாது குடும்பத்திட்ட வழி சொல்லுவார். வேண்டும் என்று வந்தால், கர்ப்பமாக முன்னரே அவரிடம் போய்ப் பதியுங்கள், போலிக் அமிலக் குளிசை அப்போதே தொடங்கலாம். முதல் பிள்ளைப்பேற்றுக்கு ஆஸ்பத்திரியில் தந்த கார்டைத் தேடி எடுத்து வையுங்கள். சீசர் நடந்திருந்தால் ஏன் என்பது அதில் இருக்கும், அடுத்தது சாதாரணமாகப் பெறலாமா என்பதை வைத்தியர் அதைப் பார்த்துத்தான் சொல்லுவார். முதல் கிளினிக்கிலேயே, போன முறை தனியாகப் பெற்றேன், இந்த முறை எனக்கு ஆள் வேண்டும் என்று அவர் தன் வாயால் சொல்லட்டும், அது பதிவேட்டில் எழுதப்படவேண்டும். எந்த ஆஸ்பத்திரியில் பெறப்போகிறீர்களோ அங்கே துணைக்கு யாரை விடுவார்கள், பெண் துணை மட்டுமா, கணவனும் வரலாமா, எத்தனை மணி நேரம் என்று ஏழாம் மாதத்துக்குள் விசாரியுங்கள். ஒவ்வொரு இடத்திலும் வாட்டின் அமைப்பைப் பொறுத்து மாறும். உங்களை விடமாட்டார்கள் என்றால் மனைவியின் அம்மாவை முன்கூட்டியே கூப்பிட்டு வீட்டில் வைத்திருங்கள், குத்து எடுத்த பிறகு மன்னாரிலிருந்து பஸ் பிடித்து வர நேரம் காணாது.